வெறும் சேறுதான் சார்

1.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. பொன்னேரியில் வக்கீல் சந்திரமோகன் ஆபீசில் பத்தொன்பது வருஷமாக டைப் அடிக்கிறேன். அங்கே வந்த ஒரு பெண்ணின் பிரமாணப் பத்திரத்தை அடிக்கும்போது பிழையாகிப்போன தாள்களைக் கிழித்துப் போட மனமில்லாமல் வைத்திருந்தேன். அவற்றின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கியதுதான் இது. பிரமாணப் பத்திரத்தில் ஒவ்வொரு பத்திக்கும் எண் போட வேண்டும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் எண் வந்துவிட்டது. பெரிய உத்தி என்று நினைத்து யாரும் ஏமாற வேண்டாம்.

தொடக்கம் மட்டும் ஐந்தாறு தடவை எழுதினேன். அதில் மூன்றை அப்படியே விட்டுவைக்கிறேன்.

"துறைமுகத்தின் கிரேன்கள் தெற்கே தெரியும் அந்தக் கழிமுகத்தில்…" [வேண்டாம். எந்தப் பக்கம் கிரேன் தெரிகிறது என்று சொன்னால் விஷயம் தெரிந்தவர்கள் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஏன் கண்டுபிடிக்கக் கூடாது என்பதுதான் கதை.]

"கிரேஸ் ஒரு பொய் சொன்னாள்." [உண்மைதான். ஆனால் எடுத்த எடுப்பில் இதைச் சொன்னால் அவளை உங்களுக்குப் பிடிக்காமல் போய்விடும். எனக்கு அவளைப் பிடிக்கும்.]

"கிரேசுக்கு விரலில் கண்." [இது பரவாயில்லை. இதோடு போவோம்.]

2.

கிரேசுக்கு விரலில் கண். வயது நாற்பத்து மூன்று. வீடு கவரைப்பேட்டையில். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு வார்க்கும் கம்பெனி ஒன்றில் வேலை. சூடு ஆறி வரும் பாகங்களை மேஜை மேல் வைத்து விரலால் தடவிப் பார்த்து, பிசிறு இருப்பதை ஒதுக்குவாள். மெஷின் விட்டதை அவள் விரல் பிடித்துவிடும். அவளுக்குப் பக்கத்து ஸ்டூலில் ஈஸ்வரி. பதினோரு வருஷம் அடுத்தடுத்த ஸ்டூல், அடுத்தடுத்த தெரு, ஒரே கம்பெனி பஸ்.

இரண்டாயிரத்து இருபதில் ஊரடங்கு வந்து கம்பெனி மூடியது. அந்த நான்கு மாதத்தில் நடந்ததுதான் பிரமாணப் பத்திரத்தின் நான்காவது பத்தி. அங்கே ஆறு வரி. அவள் சொன்னது ஒரு மணி நேரம்.

கிரேஸ் பிறந்த ஊர் கழிமுகத்து ஓரம். அந்த ஊர்க்காரர்களுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. நடவு இல்லாத நாளில் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, முட்டி போட்டு நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். பனையோலைப் பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். கிரேஸ் சின்ன வயதில் செய்தது. கல்யாணம் ஆகிக் கம்பெனிக்குப் போனதும் விட்டுவிட்டாள். ஊரடங்கில் அரிசி மட்டும் ரேஷனில் வந்தது, குழம்புக்கு வழியில்லை. கணவன் ஸ்டீவனின் டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு ஈஸ்வரியைப் பின்னால் உட்கார வைத்து அங்கே போனாள். பறிக்கு எங்கே போவது? காலி பெயிண்ட் டப்பாவை இடுப்பில் கட்டி மிதக்கவிட்டார்கள்.

ஆற்று வாய்க்கு உள்ளே தள்ளி ஒரு பள்ளம். தண்ணீர் வற்றும்போது எல்லா இடமும் மேடு தட்டும், அங்கே மட்டும் தண்ணீர் நிற்கும். ஒதுங்கும் இறால் எல்லாம் அதற்குள் வந்து சேரும். கரையிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அம்மா காட்டிய இடம், கிரேஸ் மறக்கவில்லை. முதல் நாளே டப்பா நிறைந்தது.

"ஊரே பேஜாருல இருந்திச்சிணா," என்றாள் என்னிடம். "பக்கத்து ஊட்ல எல்லாம் அழுகை. நாங்க ரெண்டு பேரு மட்டும் சேத்துல முட்டி போட்டுக்கினு சிரிச்சிக்கினு இருந்தோம். ஈசுக்கு மொதல்ல பயம். கையில எது பட்டாலும் பாம்புன்னு கத்துவா. பத்தே நாளு, என்னவிட ஜாஸ்தி புடிச்சா. ட்ரெயின் சத்தம் இல்ல, லாரி சத்தம் இல்ல, சூப்ரைசர் சத்தம் இல்ல. நான் நல்லா இருந்தது அந்த நாலு மாசம்தாண்ணா. வெளிய சொன்னா கேவலமா இருக்கும், சொல்றதில்ல."

எனக்கு டைப் அடிக்கக் கை ஓடவில்லை. அந்த நான்கு மாதம் நானும் ஆபீஸ் மூடி வீட்டில் கிடந்தவன்தான். திரும்பி வரவே வராது என்று தெரிந்த ஒரு சும்மாயிருத்தல் அது. இப்போதும் மத்தியானத்தில் கரண்ட் போய் ஃபேன் நின்றால் எனக்கு அந்த நாட்கள்தான் ஞாபகம் வருகின்றன. [இதெல்லாம் என் கதை. கிரேஸ் கதைக்கு வா.]

3.

கையால் இறால் பிடிக்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நல்ல இடத்தை யாரிடமும் சொல்லக் கூடாது. பிடித்துவிட்டு வந்த வழியே திரும்பக் கூடாது, சுற்றிக்கொண்டு வர வேண்டும். டப்பாவின் மேல் முருங்கைக்கீரையைப் பரப்ப வேண்டும். எதிரில் வருகிறவர் "இன்னா கெடைச்சிது?" என்று கேட்டால் உதட்டைப் பிதுக்கி "வெறும் சேறு" என்று சொல்ல வேண்டும். கேட்கிறவளும் அதைத்தான் நேற்று உங்களிடம் சொல்லியிருப்பாள். இதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. வணக்கம் சொல்வது மாதிரி அது ஒரு மரியாதை.*

கடைசி நாள், கம்பெனி திறக்கப்போகிறது என்று தெரிந்த அன்று, பள்ளத்தில் நின்றுகொண்டு இருவரும் சத்தியம் செய்தார்கள். தன் சாமி மேல் சத்தியம் செய்தால் தன் சாமி மன்னித்துவிடும் என்பது ஈஸ்வரியின் வாதம். அதனால் ஈஸ்வரி வேளாங்கண்ணி மாதா மேலும், கிரேஸ் பெரியபாளையத்தம்மன் மேலும் சத்தியம் செய்தார்கள். ஒருத்தியைக் கேட்காமல் இன்னொருத்தி யாரிடமும் இடத்தைச் சொல்வதில்லை.

* இந்த அடிக்குறிப்பில் அந்தப் பள்ளத்தின் பெயரை எழுதியிருந்தேன். அழித்துவிட்டேன்.

4.

மூன்று வருஷம் கழித்து, துறைமுகத்தை விரிவாக்கக் கடலை ஆழமாகத் தோண்டப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. தோண்டிய மண்ணை எங்காவது கொட்ட வேண்டுமே. கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டார்கள். ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, வீடியோ கேமரா, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். கிரேசும் ஈஸ்வரியும் ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு போனார்கள். வேறு இடம் இல்லாமல் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள்.

அதிகாரி நல்ல மனிதர். பெரிய வரைபடத்தை விரித்து, மஞ்சள் அடித்த இடத்தைக் குச்சியால் காட்டிப் பொறுமையாகக் கேட்டார். "இந்த எடத்துல யாராவது எறங்கி மீனோ இறாலோ எடுக்கறீங்களா? தயங்காம சொல்லுங்க." மைக் கிரேசிடம் வந்தது.

மஞ்சளுக்கு நடுவில் பள்ளம் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. அதே நேரத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தாள். நேர் பின்வரிசை முழுக்கப் பக்கத்து ஊர்ப் பெண்கள். கங்கம்மா, அவள் நாத்தனார், இன்னும் ஏழெட்டுப் பேர். அத்தனை பேருக்கும் சேற்றில் கை வைக்கத் தெரியும். துறைமுகம் எங்கேயோ, எப்போதோ. கங்கம்மா இரண்டு அடி தள்ளி உட்கார்ந்திருக்கிறாள்.

"அங்க இன்னா சார் இருக்குது?" என்றாள் கிரேஸ் மைக்கில். "வெறும் சேறுதான் சார்."

எல்லோரும் சிரித்தார்கள். பின்வரிசை கொஞ்சம் அதிகமாகவே சிரித்தது. ஈஸ்வரி அவள் இடுப்பில் கிள்ளினாள், சபாஷ் என்று அர்த்தம். கூட்டம் முடிந்து இருவரும் போண்டா தின்றுகொண்டே பஸ் ஸ்டாப்பில் மறுபடி மறுபடி அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அத்தனை பெரிய மனிதர்களை ஏமாற்றிவிட்ட சந்தோஷம்.

5.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. கூட்டக் குறிப்பு, பக்கம் நாற்பத்தொன்று: கொட்டுமிடமாகத் தேர்வான பகுதியில் மீன்பிடிப்பு எதுவும் நடைபெறவில்லை என்பதை உள்ளூர்ப் பெண் ஒருவரே உறுதி செய்தார். அந்த வரி சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கைக்குப் போனது. அங்கிருந்து அனுமதி உத்தரவுக்குப் போனது. மஞ்சள் இடம் முழுக்க மண் கொட்டலாம் என்று உத்தரவு வந்துவிட்டது.

யார் மேலும் பழி போட எனக்கு வழியில்லை. அவர்கள் கேட்டார்கள், இவள் சொன்னாள், எழுதிக்கொண்டார்கள். வில்லன் இல்லாத கதையை எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக முப்பது நாள் கெடு. தக்க காரணம் சொன்னால் இன்னும் அறுபது. தொண்ணூறு நாள் தாண்டினால் கதவு சாத்தியாயிற்று. கிரேசுக்கு விஷயம் தெரிந்ததே எழுபதாவது நாள். ஓடி வந்து எங்கள் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்தபோது எழுபத்தைந்து.

சந்திரமோகன் சார் காகிதங்களைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னாம்மா இது? உன் வாயாலயே குடுத்துட்டு வந்துருக்க."

"தெரியாம சொல்லிட்டேன் சார்."

"தெரியாமயா? தெரிஞ்சி சொன்னியா?"

"தெரிஞ்சிதான் சார். ஆனா அவங்களுக்குச் சொல்லல. கங்கம்மாவுக்குச் சொன்னேன்."

சார் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பிறகு நிதானமாக விளக்கினார். மாற்றிச் சொல்ல வேண்டும். அன்று சொன்னது பொய் என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் கிழித்துத் தொங்கவிடுவார், தாங்க வேண்டும். அதோடு, எந்த இடம் என்று வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். அந்தப் புள்ளி எல்லோருக்கும் தெரியும்.

"எல்லாருக்கும்னா?"

"கங்கம்மாவுக்கும்தான்."

கிரேஸ் எழுந்து போய்விட்டாள். பதிமூன்று நாள் வரவில்லை.

6.

இந்த இடத்தில் ஈஸ்வரியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். நான் அவளைப் பார்த்ததே இல்லை. பார்க்காத ஒருத்திக்கு இடுப்பில் கிள்ளுவது, பாம்பு என்று கத்துவது எல்லாம் கிரேஸ் சொன்னதை வைத்து எழுதியிருக்கிறேன். அவள் உயரமா, குட்டையா? சிரித்தால் வாயை மூடிக்கொள்வாளா? தெரியாது. [சும்மாவாவது ஒரு மூக்குத்தி போட்டுவிடலாமா? வேண்டாம்.] நான் அறிந்தது ஒரு குரல் மட்டும்தான், அதுவும் எண்பத்தொன்பதாவது நாள் சாயங்காலம்.

அன்று கிரேஸ் ஷிப்டிலிருந்து நேராக வந்தாள். விரல் நகங்களில் கருப்புத் தூள். "கேக்காம சொல்ல முடியாதுணா. அது அவ சாமி," என்றாள். ஈஸ்வரி இப்போது இருப்பது மணவாள நகரில். கணவனுக்கு அந்தப் பக்கம் வேலை கிடைத்து இரண்டு வருஷம் முன்பு குடும்பத்தோடு போய்விட்டாள். அடுத்த ஸ்டூலில் வேறு யாரோ. கிரேஸ் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தாள்.

"இன்னாடி கிரேசு, ஒரு போனு இல்ல, ஒண்ணு இல்ல? மறந்துட்டன்னு நெனச்சேன்."

"ஈசு, பள்ளத்த பத்திச் சொல்லணும்டி."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது.

"யாருக்கு?"

"கோர்ட்டுக்கு."

"கோர்ட்டுன்னா எத்தினி பேரு?"

கிரேஸ் சாரைப் பார்த்தாள். சார் கூரையைப் பார்த்தார்.

"எல்லாருக்கும்டி. சொல்லலன்னா மண்ணு கொட்டி மூடிடுவாங்க. நான் அன்னிக்குச் சொன்னதால."

அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஈஸ்வரி கேட்டாள். "அங்க இன்னும் தண்ணி நிக்குதாடி? போய்ப் பாத்தியா?"

"நிக்குது. போன வாரம் போனேன். ஒன் டப்பா கயிறு கூட அந்த மரத்துல அப்பிடியே கெடக்குது."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். கிரேசும் முந்தானையை எடுத்துக்கொண்டாள். நான் காகிதத்தை அடுக்குவது மாதிரி அடுக்கினேன்.

"சரி, சொல்லிடு. அம்மன்கிட்ட நான் பேசிக்கறேன்," என்றாள் ஈஸ்வரி. குரலைத் தாழ்த்தினாள். "ஆனா ஒண்ணு. கரெக்டா சொல்லாத. கொஞ்சம் தள்ளிச் சொல்லு."

சார் தலையில் அடித்துக்கொண்டார்.

7.

தொண்ணூறாவது நாள் காலை. வரைபடம் மேஜை மேல். கிரேஸ் கையில் பேனா.

சார் கடைசியாக ஒருமுறை சொன்னார். "தள்ளி வெச்சீன்னா இன்னா ஆவும் தெரியுமா? 'சரி, அந்தம்மா காட்டின எடத்த விட்டுடறோம், பக்கத்துல கொட்டிக்கறோம்'னு சொல்லுவாங்க. அந்தப் பக்கத்துலதான் ஒன் பள்ளம் இருக்கும். பாத்துக்க." சொல்லிவிட்டு டீ குடிக்க வெளியே போனார். அவர் நல்ல வக்கீல். எப்போது அறையில் இருக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும்.

கிரேஸ் வரைபடத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. பிசிறு தேடுவது மாதிரி விரலால் தடவினாள். கரையில் ஆரம்பித்து, தண்ணீருக்குள் இறங்கி, மெதுவாக. ஒரு இடத்தில் விரல் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கங்கணா."

திரும்பிக்கொண்டேன். சுவரில் போன வருஷத்து காலண்டர். பேனா காகிதத்தில் படும் சத்தம் உடனே கேட்கவில்லை. கேட்டபோது, ஒரு தடவைதான் கேட்டது. திரும்பினால், வரைபடத்தை நான்காக மடித்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"மடிச்சே அனுப்ப முடியாதாணா?"

முடியாது. ஸ்கேன் செய்ய வேண்டும். நான்தான் பிரித்தேன், நான்தான் ஸ்கேன் செய்தேன், அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஏற்றியும் விட்டேன். மேற்கண்டவை யாவும் என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை உண்மை என்ற வரிக்குக் கீழே கிரேஸ் கையெழுத்து. எனக்குப் புள்ளி எங்கே என்று தெரியும். பள்ளம் எங்கே என்று தெரியாது. அதனால் இரண்டும் ஒன்றா என்று எனக்கும் தெரியாது.

8.

முடிவுக்கு மூன்று வழி எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: கிரேஸ் சரியான இடத்தில் புள்ளி வைக்கிறாள். வழக்கு ஜெயிக்கிறது. அடுத்த மழைக்குப் பின் கங்கம்மாவும் அவள் ஆட்களும் வந்து இறங்குகிறார்கள். இரண்டே வாரத்தில் பள்ளம் காலி. கிரேஸ் கரையில் நின்று பார்க்கிறாள்.

இரண்டு: தள்ளி வைக்கிறாள். புள்ளி வைத்த இடம் தப்பிக்கிறது. பள்ளத்தில் மண் விழுகிறது. இடத்தைச் சொல்லவே இல்லை என்ற ஒரு திருப்தி மட்டும் இரண்டு பெண்களுக்கு மிச்சம்.

மூன்று: தொண்ணூறாவது நாள் மத்தியானம் கங்கம்மா ஆபீசுக்கு வருகிறாள். "அந்தப் பொண்ணு அன்னிக்குப் பொய் சொல்லிச்சி சார்," என்கிறாள். உனக்கெப்படித் தெரியும் என்று சார் கேட்கிறார். "நானும் இருவது வருசமா அங்கதான எறங்கறேன். யாருக்கும் தெரியாதுன்னு இருந்தேன்." பின்வரிசை ஏன் அவ்வளவு சிரித்தது என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிகிறது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. ஆனால் அது நடக்கவில்லை. கங்கம்மா வரவே இல்லை.

இதை எழுதி முடிக்கிற நேரத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஈஸ்வரி சொன்னதைத்தான் நானும் செய்திருக்கிறேன். ஆபீஸ் இருக்கும் ஊர், பக்கத்தின் எண், பெண்களின் பெயர்கள், ஆற்று வாய்க்கு உள்ளே என்றது, எல்லாமே கொஞ்சம் தள்ளி. சரியாக எழுதினால் அவர்கள் இடத்தைக் காட்டிக்கொடுத்தவன் ஆவேன். தள்ளி எழுதினால், நான் எழுதாமல் விட்ட இடத்தில் யார் எதைக் கொட்டினாலும் தட்டிக் கேட்க என் கதையால் முடியாது. பேனா கையில் இருந்தபோது கிரேஸ் அத்தனை நேரம் ஏன் சும்மா இருந்தாள் என்று எனக்கு இப்போது தெரிகிறது.

9.

வழக்கு நடக்கிறது. மண் இன்னும் கொட்டவில்லை. அடுத்த வாய்தா மழைக்குப் பிறகு.

போன வாரம் கிரேஸ் ஆபீசுக்கு வந்தாள். முகத்தில் வெயில் பட்ட கருப்பு, நெளிந்த ஸ்டீல் டப்பா ஒன்று கையில். ஞாயிற்றுக்கிழமை ஈஸ்வரி இரண்டு பஸ் மாறி வந்திருந்தாளாம். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. டப்பாவைத் திறந்தேன். மேலாக முருங்கைக்கீரைப் பொரியல். ஸ்பூனால் விலக்கினால், கீழே இறால் தொக்கு, விரல் பருமன்.

ஆபீஸ் பெஞ்சில் வேறு வழக்குக்காரர்கள் நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் மூக்கும் டப்பாப் பக்கம் திரும்பியது.

"எங்க புடிச்சது?" என்று கேட்டுவிட்டேன். வாய் தவறித்தான்.

கிரேஸ் என்னைப் பார்த்தாள். பெஞ்சைப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"அங்க இன்னாணா இருக்குது?" என்றாள். "வெறும் சேறுதான்."

நான் டப்பாவை மூடி வைத்தேன். பெஞ்சில் இருந்தவர்களில் நீங்களும் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசனை உங்களுக்கும் வந்திருக்கும். வரைபடம் இதோ மேஜை மேல்தான் கிடக்கிறது. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.